சோப்புக்கு முழு மதிப்பெண்

ஜூலை 8

அன்புள்ள பலூன்காரிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். கடல் காற்று உனக்கு ஆகாது, காதை மூடிக்கொண்டு வானிலை பலூனை விடு.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் என்னை ஒரு வருடம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். வேதியியலில் மூன்று தாளும் போய்விட்டது. இடைநீக்கம் என்று தலைப்புப் போட்டுப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். என் பெயருக்கு மேலும் கீழும் இருப்பவர்கள் எல்லாம் உன்னைவிடச் சின்னப் பிள்ளைகள். என்ன தவறு நடந்தது, இனி அது எப்படிச் சரியாகும் என்று அடுத்த மே மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் மறுபடி சேர்ப்பதைப் பற்றி ஒரு குழு யோசிக்குமாம். கொடுக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

என்ன தவறு என்று தெரிந்தால்தானே எழுத? வகுப்பில் சொல்வதெல்லாம் நன்றாகப் புரிகிறது. பரீட்சை அறையில் மணி அடிக்கும்போது பார்த்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நாற்பத்தெட்டு வயதில் மண்டை மந்தமாகிவிட்டது, வேறென்ன.

பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்க வந்த அம்மாள் ஒருத்தி விஷயம் கேள்விப்பட்டு, "சஸ்பெண்டுன்னா ஏதாவது கை நீட்டி வாங்கினாத்தானே பண்ணுவாங்க? நீங்க என்ன வாங்குனீங்க?" என்று கேட்டாள். "மார்க்குதான், கம்மியா வாங்கிட்டேன்" என்றேன். அவள் போன பிறகு வெகுநேரம் எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

உன் அன்பு அம்மா

ஆகஸ்ட் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீயும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் சாமான் படகில் இன்றுதான் வந்தது. வானிலை நிலையத்தின் ரேடியோ அலுவல் பேச்சுக்கு மட்டும்தான், அதனால் இந்தத் தீவில் இருக்கும்வரை நமக்குள் கடிதம்தான் கதி.

படித்ததும் வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் வந்தது. காலரில் ஒரு தையல் பிசகினாலும் முழுசாகப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கிறவள் நீ. மூன்று தாளும் எப்படிப் போயிற்று? இது எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஐந்து கேள்வி கேட்கிறேன், பதில் எழுது.

ஒன்று, முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இரண்டு, பரீட்சை அறையில் உண்மையில் என்ன நடந்தது? மூன்று, துறைத்தலைவியைப் பார்த்துப் பேசினாயா? நான்கு, மறுசேர்க்கைக்கு விண்ணப்பம் கொடுப்பாய்தானே?

ஐந்தாவதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பி உன் தையல் மேஜையில் கொண்டுவந்து வைத்தவள் நான். நான் தள்ளிவிட்டதால்தான் நீ சேர்ந்தாயா?

அன்புடன், உன் மகள்

செப்டம்பர் 27

அன்புள்ள பலூன்காரிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ மெலிந்துவிட்டதாகக் கனவு கண்டேன், ஒழுங்காகச் சாப்பிடு.

முழங்காலைப் பற்றிக் கேட்டாய். நல்ல கேள்வி கேட்டாய், போ! மாடிப்படி ஏறும்போது 'டக்' என்கிறது. இறங்கும்போது சத்தமே இல்லை. ஏன் என்று யோசித்தாயா? நான் செருப்போடு ஏறிப் பார்த்தேன், வெறுங்காலோடு ஏறிப் பார்த்தேன், துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்த்தேன். மூட்டை இருந்தால் சத்தம் கொஞ்சம் முன்னாடியே வந்துவிடுகிறது. பின்பக்கமாக ஏறினால் வரவே இல்லை. அப்பா கீழே நின்று, "விழுந்து தொலைச்சிராதடி" என்று கத்திக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் கேட்டேன். "வயசானா அப்படித்தாம்மா" என்றார். இது ஒரு பதிலா? படி ஏறும்போது மட்டும் எனக்கு வயதாகி, இறங்கும்போது குறைந்துவிடுமா? விடாமல் கேட்டதும், மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் காற்றுக் குமிழி உண்டாகும், சத்தம் அதிலிருந்து வரலாம் என்றார். குமிழி என்றால் மறுபடி உண்டாக நேரம் எடுக்குமல்லவா? ஏறி முடித்து உடனே மறுபடி ஏறினால் சத்தம் இல்லை! கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

தாள் தீர்ந்துவிட்டது. மற்றபடி எல்லாம் வழக்கம்போல.

உன் அன்பு அம்மா

அக்டோபர் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம், மெலியவில்லை. முழங்கால் ஆராய்ச்சியை இங்கே ரேடியோக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் அன்றே நிலையத்துப் படியில் பின்பக்கமாக ஏறிக் கையைச் சிராய்த்துக்கொண்டார்.

ஆனால் ஐந்து கேட்டேன், முழங்கால் மட்டும்தானே வந்தது? மறுபடி கேட்கிறேன். ஒன்று, அங்கே நல்ல மழையாமே, பெய்ததா? இரண்டு, பரீட்சையில் என்ன நடந்தது? மூன்று, துறைத்தலைவி என்ன சொன்னார்? நான்கு, விண்ணப்பம்? ஐந்து, முன்பு கேட்டதேதான்.

அன்புடன், உன் மகள்

டிசம்பர் 2

அன்புள்ள பலூன்காரிக்கு,

சுகம், சுகமாக இருக்கவும்.

மழை பெய்தது. நான் ஜன்னல் பக்கம் மெஷினைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தைத்தேன். எதிரே கைக்கெட்டும் தூரத்தில் தகரக் கூரை. அதன் விளிம்பில் ஒரு சொட்டு உருண்டு வந்து தொங்குகிறது. விழும் விழும் என்று பார்க்கிறேன், விழவில்லை. பெருத்துக்கொண்டே போகிறது. பின்னால் இன்னொரு சின்னச் சொட்டு வந்து அதைத் தொட்டதும்தான் இரண்டும் சேர்ந்து விழுகின்றன. இத்தனைக்கும் பெரியது தனியாக எவ்வளவோ கனம் தாங்கிக்கொண்டிருந்தது. கூரையில் பெயின்ட் உரிந்த இடத்தில் சொட்டு தட்டையாகப் படர்கிறது, பெயின்ட் இருக்கும் இடத்தில் உருண்டையாக நிற்கிறது. ஊசியால் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், ஊசியோடு ஏறி வந்துவிட்டது. ஊசியில் எண்ணெய் தடவித் தொட்டேன், வரவில்லை. அன்று ஒரு பாவாடைக்குக்கூட விளிம்பு அடிக்கவில்லை, போ.

புத்தகங்களை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டேன். இடத்தை அடைக்கின்றன. மற்றதை அப்பாவிடம் கேட்டுக்கொள், இதோடு எழுதி வைக்கிறேன் என்கிறார்.

உன் அன்பு அம்மா

டிசம்பர் 2

மகளுக்கு அப்பா ஆசீர்வாதம். சுகம். சுகத்துக்கு எழுதவும்.

ஒன்று, மழை பெய்தது. இரண்டு, அவளைத்தான் கேட்க வேண்டும், என்னிடமும் சொல்லவில்லை. மூன்று, துறைத்தலைவி வரச் சொல்லி ஆள் அனுப்பினார், இவள் போகவில்லை. நான்கு, கொடுக்கப் போவதில்லை என்கிறாள். புத்தகத்தைப் பரணில் ஏற்றும்போது அழுதாள், ஏணியைப் பிடித்துக்கொண்டு நானும் சும்மா நின்றேன். "நான் மண்டுங்க, விட்டுருங்க" என்றாள். ஐந்து, அதை நான் சொல்வது முறையில்லை.

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் இவ்வளவுதான் எழுதுவான்.

அப்பா

ஜனவரி 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் இருவர் சுகத்துக்கும் எழுதவும்.

இந்த முறை படகில் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. அப்பா எழுதியதைப் படித்துவிட்டு மனசு கேட்கவில்லை, பலூனுக்கு வாயு நிரப்பும் கொட்டகையில் போய் உட்கார்ந்து அழுதேன். பிறகு உன் கடிதங்களை மேஜையில் பரப்பிப் போட்டு மறுபடி படித்தேன். ரேடியோக்காரர் காபியோடு வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ஒரு கடுதாசி பூரா முட்டி, இன்னொரு கடுதாசி பூரா மழை?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முழங்காலை முதலில் கேட்டேன், முழங்கால் வந்தது. மழையை முதலில் கேட்டேன், மழை வந்தது. நான் முதலாவதாக எதைக் கேட்கிறேனோ அதற்கு மட்டும் நீ பதில் எழுதுகிறாய். அதையும் எப்படி! இங்கே எங்களுக்கே தெரியாததை எல்லாம் ஊசியால் தொட்டுப் பார்த்து எழுதுகிறாய். மண்டு எழுதுகிற கடிதமா இது?

அம்மா, எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. சோதித்துப் பார்க்காமல் விட மாட்டேன். அதனால் இந்த முறை வரிசையை மாற்றுகிறேன். ஒன்று, பரீட்சையில் அந்த மூன்று மணி நேரமும் நீ என்ன எழுதினாய்? மற்றவை எல்லாம் பின்னால். ஐந்தாவது ஐந்தாவதாகவே இருக்கட்டும், அதை முதலில் வைக்க எனக்குத் தைரியம் போதவில்லை.

அன்புடன், உன் மகள்

பிப்ரவரி 20

அன்புள்ள பலூன்காரிக்கு,

நாங்கள் சுகம். உன் தந்திரம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டாய், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதல் தாளில் முதல் கேள்வி, சோப்பு அழுக்கை எப்படி நீக்குகிறது? எவ்வளவு அழகான கேள்வி பார்! சோப்பின் துகளுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை எண்ணெயோடு ஒட்டும். தரகர் மாதிரி இரண்டு பக்கமும் பேசி அழுக்கை நைசாக வெளியே கூட்டிக்கொண்டு போய்விடும். இதோடு விட முடியுமா? உப்புத் தண்ணீரில் ஏன் நுரை வருவதில்லை, கறை படிந்த துணியை ஏன் ஊற வைக்க வேண்டும், பட்டுக்கு ஏன் அதே சோப்பு ஆகாது என்று எழுதிக்கொண்டே போனேன். மணி அடித்துவிட்டது. மற்ற இரண்டு தாளிலும் இதே கதைதான். ஒவ்வொன்றிலும் நான்கு கேள்விகளை வெறுமனே விட்டுவிட்டு வந்தேன் என்று உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் மண்டை மந்தம் என்று எழுதிவிட்டேன்.

நீ கேட்டது மனசைக் குடையவே, கடைசியில் போய்த் துறைத்தலைவியைப் பார்த்தேன். தாளை எடுத்து நீட்டினார். சோப்புக்கு முழு மதிப்பெண். "இந்தப் பதில நான் வகுப்புல வாசிச்சுக் காட்டினேம்மா. மத்த நாலு எங்கே?" என்றார்.

"முதல் கேள்வி முடியலைங்களே மேடம்."

"மூணு மணி நேரம் ஆச்சேம்மா!"

"சோப்பு அவ்வளவு லேசுப்பட்ட விஷயமா மேடம்?"

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. மேஜையில் இருக்கிற துணியைத் தைத்து, பட்டன் வைத்து, இஸ்திரி போட்டு மடித்த பிறகுதான் அடுத்த துணியில் கத்திரி வைப்பேன். தொழிலுக்கு வந்த புதிதில் இரண்டு ரவிக்கையை ஒன்றாக வெட்டி, ஒருத்தியின் கையை இன்னொருத்திக்கு வைத்துத் தைத்துவிட்டேன். அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன். இந்தத் தெருவில் அரைகுறையாக வேலை செய்கிற தையல்காரர்கள் நிறையப் பேர். என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. இப்போது ஐந்து கேள்வியையும் அரைகுறையாக எழுது, பாஸ் போடுகிறோம் என்கிறார்கள். இது என்ன நியாயம்?

உன் அன்பு அம்மா

மார்ச் 18

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். அங்கே நலத்துக்கு எழுது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நிலையம் முழுக்கத் துள்ளிக்கொண்டு திரிந்தேன். என்ன தவறு என்று குழுவுக்குச் சொல்லத் தெரியவில்லை என்றாயே, இதுதானே அந்தத் தவறு? உன் மண்டையில் ஒரு கோளாறும் இல்லை. வெட்டிய துணியைக் கீழே வைக்கத் தெரியவில்லை, அவ்வளவே.

நியாயமா என்று கேட்டாய். தெரியவில்லை அம்மா. பலூன் மேலே போகப் போகக் குளிரும் ஈரமும் எண்களாக வந்துகொண்டே இருக்கும். ஒவ்வோர் உயரத்திலும் கொஞ்சம் நின்று பார்க்க எனக்கும் ஆசைதான். பலூன் நிற்காது. போனதை விட்டுவிட்டு வருவதை எழுதிக்கொள்வேன். வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும்.

கேள்விக்கு ஒரு பக்கம் என்று வைத்துப் பழகு. பக்கம் தீர்ந்தால் பாதிச் சொல்லில் இருந்தாலும் அடுத்த பக்கம், அடுத்த கேள்வி. மே மாதம் நெருங்குகிறது.

இப்போது ஒன்று, பழகிப் பார்த்தாயா? இரண்டு, அப்பா என்ன சொல்கிறார்? மூன்று, துறைத்தலைவியை மறுபடி பார்த்தாயா? நான்கு, விண்ணப்பம் கொடுத்தாயா? ஐந்து, தெரியுமல்லவா?

அன்புடன், உன் மகள்

ஏப்ரல் 29

அன்புள்ள பலூன்காரிக்கு,

சுகம். ஒரே தாளில் எழுத வேண்டும் என்று அப்பா உத்தரவு. அதனால் உன் உடம்பைப் பற்றிக் கேட்க இடமில்லை, நன்றாக இரு.

ஒன்று, பழகினேன். முதல் நாள் ஐந்து பக்கமும் இரும்பு துருப்பிடிப்பதிலேயே போய்விட்டது. இரண்டாம் நாளும் துருதான்.

இரண்டு, அப்பா பழைய சைக்கிள் மணி ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்துவிட்டார். பக்கம் தீர்ந்ததும் அடிக்கிறார். "ஸ்டாப் வந்தாச்சு, இறங்கு!" என்கிறார். "இன்னும் ஒரு வரிங்க" என்றால், "ஓடி வர்ற ஆளுக்கெல்லாம் நின்னா வண்டி டெப்போ போய்ச் சேராது" என்கிறார். கோபத்தில் துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்து அவர்மேல் வீசினேன். அவர் சட்டையைத் தட்டிவிட்டு மறுபடி மணி அடித்தார். இருந்தாலும் மூன்றாவது கேள்விவரை போய்விட்டேன்.

மூன்று, பார்த்தேன். தாமே குழுவில் பேசுவதாகச் சொன்னார். உறுதி சொல்ல முடியாது, பல பேர் கேட்கிறார்கள், இடம் குறைவு என்றும் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. எனக்கு அந்த வகுப்பு வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கே இவ்வளவு அழுத்தமாகத் தெரிந்தது.

நான்கு, கொடுத்தேன். முதல் கேள்வியை முடிக்காமல் இரண்டாவதைத் தொட எனக்குத் தெரியாது, அதைக் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று விளக்கத்தில் எழுதினேன். இதற்குமேல் எழுத ஆசையாக இருந்தது, ஆனால் அப்பா மணியை எடுத்து

ஜூன் 25

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். படகு வந்தது, உன் கடிதம் இல்லை. குழு என்ன முடிவு செய்தது என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை ரேடியோவுல போட்டுக் கேக்கட்டுமா?" என்று ரேடியோக்காரரே கேட்டார். வேண்டாம் என்றேன். நல்லதோ கெட்டதோ, உன் எழுத்தில்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன கடிதம் நான்காவதில் அறுந்து நின்றது. அதைப் பார்த்துச் சிரித்தேன், பிறகு பயந்தேன். அம்மா, விண்ணப்பத்தை மேஜையில் வைத்த அன்று, நீ தைத்துக்கொண்டிருந்த சட்டையை முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன். முடித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாய். என் ஆசைக்காகப் போய்த்தான் பலகையில் பெயர் ஒட்டப்பட்டு அவமானப்பட்டாயோ என்று ஒரு வருடமாக மனசு அரிக்கிறது.

ஒன்று, சுகமா? இரண்டு, அப்பா சுகமா? மூன்று, குழு என்ன சொன்னது? நான்கு, பரணிலிருந்து புத்தகம் இறங்கியதா? ஐந்து, அதேதான்.

அன்புடன், உன் மகள்

ஆகஸ்ட் 3

அன்புள்ள பலூன்காரிக்கு,

வேதியியல் கட்டடத்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதிலிருந்தே மூன்றாவதற்குப் பதில் தெரிந்திருக்கும், ஆனாலும் வரிசையாகவே போகிறேன்.

ஒன்று, சுகம். முழங்காலில் சத்தம் இருக்கிறது. அதில் புதிதாக ஒன்று கண்டுபிடித்தேன். எழுத மாட்டேன்.

இரண்டு, அப்பாவும் சுகம். மணிக்கு வேலை இல்லாமல் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

மூன்று, சேர்த்துக்கொண்டார்கள். ஒரு செமஸ்டர் பார்ப்பார்களாம், மறுபடி போனால் மொத்தமாகப் போச்சு. தகவல் வந்த அன்று மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். உடனே வகுப்பும் தொடங்கிவிட்டதால் கடிதம் தாமதமானது, மன்னித்துக்கொள். போன வாரம் முதல் தேர்வு வைத்தார்கள். ஐந்து கேள்விக்கும் எழுதினேன். ஒன்றுகூட முடியவில்லை. பாஸ்.

நான்கு, எல்லாம் இறங்கியாயிற்று. இந்தத் தடவை அப்பா ஏணியில் ஏறினார், நான் பிடித்துக்கொண்டேன்.

ஐந்து. உனக்காகச் சேர்ந்தேனா என்று கேட்கிறாய். நீ சொல்லி நான் கேட்ட காரியம் ஒன்றைச் சொல் பார்ப்போம். மோட்டார் மெஷின் வாங்கு என்றாய், வாங்கினேனா? கண்ணாடியை மாற்று என்றாய், மாற்றினேனா? பைத்தியக்காரி, ஒரு வருடம் இதையா சுமந்துகொண்டிருந்தாய்? தைத்துக் கொடுத்த சட்டை ஒரு தடவை துவைத்ததும் சின்னதாகிவிட்டது என்று எத்தனை பேர் என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். "அளவு தப்பா எடுத்துட்டே" என்பார்கள். நான் அளவெடுத்தால் தப்பாது. துணி சுருங்குகிறது. ஏன் சுருங்குகிறது என்று துணிக்கடைக்காரரிடம் கேட்டேன், சாயக்காரரிடம் கேட்டேன், ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிய வேண்டும் என்று இருந்தது. நீ நீட்டாவிட்டாலும் ஒருநாள் நானே போய் நின்றிருப்பேன். உனக்காக இல்லை, கண்ணே. எனக்காக.

இப்போது காரணம் தெரியும். கேள். நூற்கும்போதும் நெய்யும்போதும் நூலை இழுத்து இழுத்துப் பிடித்திருப்பார்கள். அது அப்படியே விறைப்பாக நிற்கும். முதல் தடவை தண்ணீரைக் கண்டதும் இழை உப்பி, அந்தப் பிடி தளர்ந்து, நூல் தன்னுடைய

மணி அடித்துவிட்டது. இங்கே அடிப்பது அப்பா இல்லை, வகுப்பு மணி. வாசலில் தபால் பெட்டி இருக்கிறது. பாதியில் விட மனசே வரவில்லை, இருந்தாலும் இப்படியே ஒட்டிப் போட்டுவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
அரைகுறையாக,
உன் அம்மா